லொறியின் அடிப்பாகத்தில் தோன்றும் இளந்துருவும் அதனை நீக்கும் முறையும்

மலைநாட்டு மரக்கறிச் செய்கையில் மண்வெட்டிக்கும் மருந்து தெளிகருவிக்கும் அடுத்தபடியாகக் கமக்காரருக்கு இன்றியமையாத கருவி லொறியேயாகும். கொட்டகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கிராமங்களிலும் விளையும் கரட், லீக்ஸ், பீற்றூட், கோவா, உருளைக்கிழங்கு ஆகியன பிற்பகலில் ஏற்றப்பட்டு, ஹட்டன் வழியாக இரவோடிரவாகப் பேலியகொடை மெனிங் சந்தையை அடைகின்றன. வேறு சில தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்கின்றன. லொறி ஒருநாள் நின்றால் பிடுங்கிய மரக்கறி வாடும், விலையும் வாடும்.

அத்தகைய லொறியை வாங்குவதோ எளிதன்று. 2020 மார்ச்சு மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அது பொதுவாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயாகும். இடைப்பட்ட காலத்தில் லொறிகளின் விலை பன்மடங்கு உயர்ந்ததைக் கமக்காரர் யாவரும் அறிவர். லீசிங் கடனில் லொறி வாங்கியவர் தவணை முடியும் வரையிலாவது அதன் அடிச்சட்டகம் உறுதியாயிருத்தல் வேண்டும் என்றே விரும்புவர்.

இவ்வாறு வாங்கிய லொறியின் அடியில், ஓரிரு ஆண்டுகள் கழியுமுன்னரே செம்பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றக் காண்பவர் பலர். சிலர் அதைக் கண்டு அஞ்சுவர். சிலர் பொருட்படுத்தாது விடுவர். இரண்டும் தவறாகும். இளந்துரு ஒருநாள் உழைப்பில் நீங்கக் கூடியது. கவனியாது விட்டால் அடிச்சட்டகத்தையே தின்னக் கூடியது. ஆயினும், அதனை நீக்காமல் மேலே கரும்பூச்சுப் பூசி மறைத்து விடுவது, ஒன்றுஞ் செய்யாது விடுவதினும் தீமையானது. இதன் காரணங்களும், துருவை நீக்கும் முறையும் கீழே விளக்கப்படுகின்றன.

துரு என்பது யாது?

இரும்பு, நீருடனும் காற்றிலுள்ள ஒட்சிசனுடனும் சேர்ந்து மாற்றமடைவதால் உண்டாகும் பொருளே துரு. இதனைக் கறள் என்றுஞ் சொல்வர். நீரும் ஒட்சிசனும் ஆகிய இரண்டும் இருந்தாலன்றித் துரு உண்டாகாது. ஆகவே இரும்பை உலர்வாக வைத்திருப்பதும், காற்றும் நீரும் அணுகாதவாறு பூச்சினால் மூடுவதுமே துருத் தடுப்பின் இரு தூண்களாகும்.

நீரில் உப்பு கலந்திருக்குமாயின் துரு மிக விரைந்து பரவும். உப்பு நீர் மின்னைக் கடத்தும் இயல்புடையதாதலின், இரும்பு அரிக்கப்படும் மாற்றத்தை அது தூண்டிவிடுகிறது. அன்றியும், பல உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே உறிஞ்சுவன. மழை பெய்யாத நாளிலும் அவை இரும்பை ஈரமாகவே வைத்திருக்கும்.

துருவானது, தான் உண்டாவதற்கு இழந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். இதனாலேதான் பூச்சின் கீழ் துரு பிடித்தால் பூச்சு கொப்புளம் போல் எழும்பி உடைகிறது. உடைந்த இடத்தால் மேலும் நீர் புகும். ஒரு சிறு கீறல் உள்ளங்கையளவு படர்வது இவ்வாறே.

மலைநாட்டு லொறிக்கு விரைந்து துரு பிடிப்பதேன்?

கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ளது. மே முதல் செத்தெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையைக் கொணர்கிறது. ஒற்றோபர், நவெம்பர் மாதங்களிலும் மழை ஓய்வதில்லை. மழை விட்ட வேளையிலும் மூடுபனி நிலவுவதால் வாகனத்தின் அடிப்பாகம் உலர வாய்ப்பில்லை.

காலநிலையை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. லொறி சுமக்கும் பொருள்களும் துருவுக்குத் துணை செய்கின்றன. கழுவிய கரட்டும், மண்ணோடு பிடுங்கிய லீக்ஸும் ஏற்றப்படும்போது, அவற்றினின்று வடியும் நீர் தளப் பலகைகளின் இடுக்குகளினூடாக அடிச்சட்டகத்தில் விழுகிறது. சந்தையிலிருந்து திரும்பும் லொறி வெறுமையாக வருவதில்லை. இரசாயனப் பசளையையோ கோழி எருவையோ ஏற்றி வருகிறது. இறங்கும்போது நீரும், ஏறும்போது உப்புமாக, ஒரே இரும்பின் மேல் மாறி மாறிச் சேர்கின்றன.

எம்.ஓ.பி. எனப்படும் மியூரியேற் ஒப் பொட்டாஷ் பசளையின் 50 கிலோ மூடை ஒன்றில் 20 கிலோவுக்கு மேல் குளோரைட்டு உண்டு. கடலுப்பிலுள்ளதும் இதே குளோரைட்டேயாகும். கிழிந்த மூடையிலிருந்து சிந்தும் ஒரு கைப்பிடி எம்.ஓ.பி., கடற்கரைக் காற்றுக்கு ஒப்பான தீமையை மலையுச்சியிலுள்ள லொறிக்குச் செய்யும். அமோனியம் சல்பேற்று நீரிற் கரைந்து அமிலத் தன்மையைத் தரும். கோழி எருவிலும் உப்புகள் உண்டு. அது ஈரத்தையும் பிடித்து வைத்திருக்கும். செப்பு கலந்த பூஞ்சணக் கொல்லிகள் இரும்பின் மேற்பட்டாலும் அரிப்பு மிகும். போடோக் கலவையை இரும்புப் பாத்திரத்திற் கரைக்கலாகாது என்று கமக்காரருக்கு நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருவதன் காரணமும் இதுவே.

கடைசியாக, தோட்டப் பாதைகளிலுள்ள சரளைக் கற்கள். சில்லுகள் வாரியெறியும் கற்கள் அடிப்பாகத்தின் வர்ணத்தைப் புள்ளி புள்ளியாகப் பெயர்த்து விடுகின்றன. துரு நுழையும் வாயில் அதுவே.

பார்க்க வேண்டிய இடங்கள்

லொறியின் அடிச்சட்டகம், அதாவது செசி, பெரும்பாலும் பகர வடிவான இரு நீண்ட இரும்புச் சட்டங்களைக் கொண்டது. அச்சட்டத்தின் கீழ் விளிம்பு ஒரு வாய்க்காலைப் போல் சேற்றைத் தாங்கி நிற்கும். முதலிற் பார்க்க வேண்டிய இடம் அதுவேயாகும். அடுத்து, பின்வருவனவற்றை அவதானித்தல் வேண்டும்:

காய்ச்சி ஒட்டிய பொருத்துகள், சட்டங்களின் கூரிய விளிம்புகள், ஆணித்தலைகள் ஆகியன. இவ்விடங்களிற் பூச்சு மெல்லியதாகவே பிடித்திருக்கும்.

வில்லுத் தகடுகளைத் தாங்கும் பிடிகள், பின் அச்சின் மேற்புறம், சில்லுகளின் மேலுள்ள மட்காட்டின் உட்புறம்.

சுமைப் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள். குறிப்பாகத் தளப் பலகை அவற்றின் மேல் அமரும் இடம்.

நீர் வடியும் துளைகள். இவை சேற்றினால் அடைபட்டிருப்பின் சட்டத்தின் உள்ளே நீர் தேங்கும்.

சைலன்சர் குழாய், பிறேக் டிரம் போன்ற வர்ணம் பூசப்படாத பாகங்களில் மெல்லிய துரு படிவது புதிய வாகனங்களிலும் இயல்பே. அதுபற்றிக் கவலையுற வேண்டியதில்லை. பிறேக் எண்ணெய் செல்லும் இரும்புக் குழாய்களில் துரு காணப்படின் அதனைத் தாமே தொடாது, தேர்ந்த மெக்கானிக்கிடங் காட்டுதல் வேண்டும். மலைப் பாதையில் அக்குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

துருவின் மூன்று நிலைகள்

முதல் நிலை: செம்பழுப்பான மெல்லிய படலம். கம்பித் தூரிகையால் தேய்த்தால் நீங்கும். அடியிலுள்ள இரும்பு வழவழப்பாயிருக்கும். இதுவே இளந்துரு. கமக்காரர் தாமே நீக்கலாம்.

இரண்டாம் நிலை: துரு ஏடு ஏடாகப் பெயரும், நீக்கிய பின் இரும்பில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தென்படும். இதனையும் சுத்தஞ் செய்து பூசலாமாயினும், ஒரு முறை கராஜிற் காட்டி ஆலோசனை பெறுதல் நன்று.

மூன்றாம் நிலை: சிறு சுத்தியலால் தட்டினால் கணீரென்ற ஒலி எழாது மந்தமான ஒலி எழும், திருப்புளியின் முனையால் அழுத்தினால் இரும்பு உள்ளிறங்கும். இந்நிலையில் லொறியிற் சுமையேற்றுதல் ஆபத்தானது. தகடு வைத்து மறைக்காமல், அடிச்சட்டக வேலை அறிந்தவரிடம் உடனே ஒப்படைத்தல் வேண்டும்.

உத்தரவாதக் காலம் முடியாத லொறியாயின், வேலையைத் தொடங்குமுன் விற்றவரிடங் காட்டி, உத்தரவாதம் துருவுக்கும் பொருந்துமா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். யப்பானிலிருந்து பாவித்த லொறி வாங்குவோர் வாங்குமுன்னரே அடிப்பாகத்தைப் பார்ப்பது அவசியம். அந்நாட்டின் பனி பெய்யும் பகுதிகளில், பனியை உருக்குவதற்காக மாரிக் காலத்தில் வீதிகளில் உப்பு தூவப்படுகிறது. அவ்வீதிகளில் ஓடிய வாகனம் மேலே பளபளப்பாகத் தோன்றினும், அடியில் துருவோடு வந்திருக்கக் கூடும்.

வேலைக்கு ஏற்ற காலமும் முன்னேற்பாடும்

சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள காலமே கொட்டகலைப் பகுதியில் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது. மழை குறைந்து வெயில் காணும் இம்மாதங்களிற் பூச்சு நன்கு உலரும். காலைப் பனி நீங்கிய பின், ஏறத்தாழ பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணிக்குள் பூசி முடித்தல் நன்று. காற்று போதிய உலர்வாயுள்ளதா என்று அறிய ஓர் எளிய சோதனையுண்டு. ஈரத் துணியால் இரும்பின் ஓரிடத்தை மெல்லத் துடைக்க வேண்டும். அவ்வீரம் கால் மணி நேரத்துள் உலர்ந்தால் பூசலாம். உலராவிடின் அன்று பூசலாகாது.

லொறியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி அடியிற் படுத்தல் ஒருபோதும் கூடாது. உயர்த்திய பின் உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே அடியில் நுழையலாம். கண்ணாடி, முகமூடி, கையுறை ஆகியன அணிதல் அவசியம். அடியிலிருந்து மேல்நோக்கித் தேய்க்கும்போது துருத்தூள் நேரே கண்ணில் விழும். தின்னர் உபயோகிக்கும் இடத்தில் புகைத்தலும் நெருப்பும் ஆகா. பெற்றோலினால் துடைப்பது பெருந்தீங்கு விளைக்கும்.

நீக்கும் முறை

1. கழுவுதல்: முதல் நாள், சட்டத்தின் உள்விளிம்புகளிலுள்ள சேற்றை மரக் குச்சியாற் கிளறி நீக்கியபின், நல்ல நீரினால் அடிப்பாகம் முழுவதையுங் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள இடங்களைச் சவர்க்கார நீரால் தேய்த்து, மீண்டும் நல்ல நீரால் அலச வேண்டும். அழுத்த நீர்ப் பம்பி உபயோகிப்பின் அதன் தாரையை மின்கம்பி இணைப்புகளிலும் சில்லின் பெயாரிங்கிலும் நேரே பாய்ச்சலாகாது.

2. உலர்த்தல்: குறைந்தது ஒரு முழுநாள் வெயிலும் காற்றும் படும்படி லொறியை நிறுத்தி வைக்க வேண்டும். இதில் அவசரம் காட்டினால் பின்னர்ச் செய்யும் வேலை யாவும் வீணாகும்.

3. தேய்த்தல்: தளர்ந்த துருவையும் கொப்புளித்த வர்ணத்தையும் சுரண்டியாலும் கம்பித் தூரிகையாலும் நீக்க வேண்டும். பின் 80 இலக்க அரத்தாளாலும், அதன்பின் 120 இலக்க அரத்தாளாலும் தேய்க்க வேண்டும். துருவின் எல்லையோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள நல்ல வர்ணத்தையும் ஓர் அங்குல அகலத்துக்குத் தேய்த்துச் சாய்வாக்கினால் புதிய பூச்சு இறுகப் பிடிக்கும்.

4. துடைத்தல்: தூளை உலர்ந்த தூரிகையால் அகற்றி, தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும்.

5. துருமாற்றி பூசுதல்: குழிகளிலும் பொருத்துகளிலும் அரத்தாள் எட்டாத துரு எஞ்சியிருக்கும். அவ்விடங்களில் மாத்திரம் துருமாற்றித் திரவத்தை மெல்லியதாகப் பூச வேண்டும். இத்திரவங்களிற் பொசுபோரிக் அமிலமோ தனிக் அமிலமோ அடங்கியிருக்கும். அவை துருவை உறுதியான கரும்படலமாக மாற்றுகின்றன. தேயிலைச் சாறு பட்ட கவ்வாத்துக் கத்தி கறுப்பதை மலைநாட்டார் யாவரும் கண்டிருப்பர். தேயிலையிலுள்ள துவர்ப்பொருள் இரும்போடு சேர்வதே அதன் காரணம். தனிக் அமிலத்தின் செயலும் அவ்வகையினதே. எனினும் தேயிலைச் சாயத்தைத் துருமாற்றிக்குப் பதிலாகக் கொள்ளலாகாது. அது அத்தகைய வலிமையுடையதன்று. துருமாற்றி மெல்லிய துருவிலேயே வேலை செய்யும். ஏடாகத் தடித்த துருவின் மேற் பூசினால் மேற்பரப்பு மட்டுமே மாறும். உள்ளே துரு தொடரும். உலரும் நேரத்தையும், பின்னர் அலச வேண்டுமா என்பதையும் கலனின் மேற் பொறித்துள்ளபடி கடைப்பிடித்தல் வேண்டும்.

6. அடிப்பூச்சு: இது பிறைமர் என வழங்கப்படும். சிங்கு பொசுபேற்று அல்லது சிவப்பு ஒட்சைட்டு அடிப்பூச்சினை இரண்டு முறை மெல்லியதாகப் பூசுதல் நன்று. தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய இரு பூச்சுகளே நெடுநாள் நிலைக்கும். விளிம்புகளுக்கும் ஆணித்தலைகளுக்கும் முதலிற் சிறு தூரிகையாற் பூசிய பின்னரே ஏனைய இடங்களைப் பூச வேண்டும். ஈயம் கலந்த பழைய வகைச் செம்பூச்சு நஞ்சுடையது; உணவுப் பொருள் ஏற்றும் லொறிக்கு அது ஆகாது.

7. மேற்பூச்சு: அடிப்பூச்சு நன்கு உலர்ந்த பின் அடிச்சட்டகத்துக்குரிய கறுப்பு எனாமல் வர்ணத்தை இருமுறை பூச வேண்டும். கலனிற் குறித்த நேரத்தினும் மலைநாட்டுக் குளிரிற் கூடுதலான நேரம் உலரவிடுதல் வேண்டும்.

8. உட்காப்பு: தூரிகை எட்டாத உட்குழிகளுக்கு, வாகனங்களுக்கென விற்கப்படும் மெழுகுக் காப்புத் திரவத்தை விசிறலாம். நீர் வடியும் துளைகளை அது அடைக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூசலாகாத இடங்கள்

பிறேக் டிரம், பிறேக் தட்டு, றப்பர்க் குழாய்கள், றப்பர்ப் புஷ்கள், மின்னிணைப்புகள், சைலன்சர் குழாய், சுழலும் தண்டின் மூட்டுகள் ஆகியவற்றில் எப்பூச்சும் படலாகாது. அவற்றைப் பழைய பத்திரிகைத் தாளாலும் ஒட்டுநாடாவாலும் மூடிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

அடிச்சட்டகத்திற் பொறிக்கப்பட்டுள்ள இலக்கத்தை மிகவும் அவதானமாகப் பாதுகாத்தல் வேண்டும். அவ்விலக்கம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒத்திருத்தல் அவசியம். அரத்தாளாலோ அரத்தாலோ அதனைத் தேய்த்து அழித்துவிட்டால், லொறியை விற்கும்போதும் சோதனைக்குட்படும்போதும் உரிமையாளர் பெருந்தொல்லைக்குள்ளாவார். அவ்விடத்தில் மென்மையான தூரிகையால் மட்டும் சுத்தஞ் செய்து, இலக்கம் தெரியும்படி மெல்லிய பூச்சிடுதல் போதுமானது.

செய்யத் தகாதவை

பாவித்துக் கழித்த எஞ்சின் எண்ணெயை அடியிற் பூசும் வழக்கம் பலரிடம் உண்டு. இது கைவிடத்தக்கது. அவ்வெண்ணெய் றப்பர்ப் பாகங்களைக் கெடுக்கும், பிறேக்கிற் பட்டால் பிடிமானத்தை அழிக்கும், தோலுக்கும் தீங்கானது. மழையில் வடிந்து மண்ணிலும் நீரிலும் கலக்கும். கொட்டகலைப் பகுதியின் ஓடைகள் கொத்மலை ஓயாவைச் சேர்ந்து மகாவலியை அடைகின்றன. ஓடையில் லொறியை இறக்கிக் கழுவுவதும் இக்காரணத்தால் தகாது. அந்நீரே கீழேயுள்ள பாத்திக்கும் குடத்துக்கும் செல்கிறது.

துருவின் மேலும், ஈர இரும்பின் மேலும் தடித்த தார்ப்பூச்சுப் பூசுதல் அதனினும் கேடானது. முதலிற் பார்வைக்கு அழகாயிருக்கும். நாளடைவில் தார் இறுகி வெடிக்கும். வெடிப்பினூடு புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். மேலே கறுப்பாயிருப்பதால் உள்ளே நடப்பது உரிமையாளருக்குத் தெரியாது. தெரியும்போது துரு மூன்றாம் நிலையை எட்டியிருக்கும்.

தொடர்ந்த பராமரிப்பு

பசளையோ கோழி எருவோ ஏற்றிய நாளிலேயே சுமைப் பெட்டியையும் அடிப்பாகத்தையும் நல்ல நீரினால் கழுவுதல் வேண்டும். முதலில் சிந்திய பசளையை உலர்வாகக் கூட்டி எடுத்தல் நன்று. அதனால் பசளையும் வீணாகாது. பசளை மூடைகளின் கீழ் தடித்த பொலித்தீன் விரிப்பு விரித்தால் பாதித் தொல்லை நீங்கும். கழுவிய கரட்டை ஏற்றுமுன் நீர் வடியவிட்டால் லொறிக்கும் நன்மை. வழியில் கரட் அழுகுவதும் குறையும்.

மழைக் காலத்தில் வாரமொரு முறை அடிப்பாகத்தைக் கழுவுதல் போதுமானது. லொறியைப் புற்றரையில் நிறுத்தினால் தரையிலிருந்து எழும் ஈரம் அடியிற் படியும். சரளை பரப்பிய தரையில், மேலே கூரையும் பக்கங்களிற் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் நிறுத்துதல் சிறந்தது. தரையைத் தொடுமாறு படங்கால் மூடி வைப்பது ஈரத்தை அடைத்து வைப்பதேயாகும்.

ஆண்டுதோறும் இரு முறை, அதாவது சனவரியிலும், மே மாத மழை தொடங்குமுன்னரும், டோர்ச் வெளிச்சத்தில் அடிப்பாகத்தைப் பார்வையிட்டு, கல்பட்டுப் பெயர்ந்த இடங்களுக்கு உடனே அடிப்பூச்சும் மேற்பூச்சும் இடுதல் வேண்டும்.

நெற்செய்கையாளருக்கு ஒரு குறிப்பு

மேற்கூறிய முறைகள் உழவு இயந்திரத்துக்கும் அதன் இழுவைப் பெட்டிக்கும் அப்படியே பொருந்தும். சேற்றுழவு முடிந்தபின் சில்லுகளிலும் சட்டங்களிலும் ஒட்டிய சேற்றைக் காயவிடாது அன்றே கழுவுதல் நன்று. புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் முதலிய கரையோரப் பகுதிகளில், உவர்நிலத்தில் உழுத இயந்திரத்தை நன்னீரால் அலசாது நிறுத்துதல் கூடவே கூடாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

துருவுக்கு ஈரமும் காற்றும் வேண்டும். பசளை உப்பு அதனை விரைவுபடுத்தும்.

இளந்துருவைக் கழுவி, உலர்த்தி, தேய்த்து, அதன்பின்னரே பூச வேண்டும். இவ்வொழுங்கை மாற்றலாகாது.

துருவை நீக்காமல் தாரால் மறைப்பதும், கழித்த எண்ணெயைப் பூசுவதும் தகாதன.

பிறேக் பாகங்களிற் பூச்சுப் படலாகாது. அடிச்சட்டக இலக்கத்தை அழியாது காத்தல் வேண்டும்.

பசளை ஏற்றிய நாளிலேயே லொறியைக் கழுவ வேண்டும்.

களை இரண்டிலையாயிருக்கும்போது பிடுங்குதல் எளிது. வேரூன்றிய பின் பயிரையே கலைக்க நேரிடும். துருவும் அத்தகையதே. கடன்பட்டு வாங்கிய லொறியை, ஆண்டில் ஓரிரு நாள் உழைப்பினால் நெடுங்காலம் உழைக்கச் செய்வது கமக்காரரின் கையிலேயே உள்ளது.